பூட்டி வைக்கிறதுக்கோ பேர்பன்?

பழைய விஸ்கிப் போத்தலை காசு குடுத்து வாங்கி அலுமாரிக்குள்ளை பூட்டி வைக்கிற ஆக்களிலை எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஏனெண்டு சொல்லுறன்.

விஸ்கி வைன் மாதிரி இல்லை. பீப்பாவுக்குள்ளை இருக்கும்வரைதான் முதிரும். போத்தலிலை அடைச்சாப்பிறகு நாற்பது வருசம் கிடந்தாலும் அதுக்கு வயசு கூடாது. எனவே 1970களிலை அடைச்ச பேர்பனைக் குடிக்கிறதெண்டால், அந்தக் காலத்து வடிசாலைக்காரரின்ரை கைப்பதத்தைக் குடிக்கிறது. அந்த வடிசாலையள் பல இண்டைக்கு இல்லை. லூயிவில் பக்கத்திலை 1935இலை திறந்த ஸ்டிற்செல்-வெல்லர் 1992இலை வடிக்கிறதை நிப்பாட்டிப்போட்டுது. அப்ப சனம் வொட்காவுக்கு மாறியிருந்தது, பேர்பனைத் தேடுவாரில்லை. இப்ப அதே போத்தலுக்கு அடிபடுகினம்.

கென்ரக்கியிலை 2018 ஜனவரியிலை இருந்து ஒரு நல்ல சட்டம் இருக்கு. வீட்டிலை கிடக்கிற, இப்ப சந்தைக்கு வராத, திறக்காத போத்தலை சாதாரண ஆளும் லைசென்ஸ் உள்ள கடைக்கு விக்கலாம். கடை அதைத் திறந்து வார்த்துக் குடுக்கலாம். செத்துப்போன தாத்தாவின்ரை அலுமாரிப் போத்தல் ஊருக்குப் பொதுவாகிறது இப்படித்தான்.

ஓகையோ ஆத்தங்கரையிலை இருக்கிற கோவிங்ரனிலை அப்பிடி ஒரு இடத்துக்குப் போனன். கோட்டு சூட்டு ஒண்டும் தேவையில்லை. தொப்பி போட்ட வேலைக்காரர், வயசுபோன சோடி ஒண்டு, பழைய கதிரையள். எங்கடை ஊர்த் தவறணை மாதிரி ஆரும் ஆரோடையும் கதைக்கலாம். பரிமாறின பிள்ளை போத்தலையே கையிலை தந்து பாக்கச் சொன்னா. மூடிக்கு மேலை வரிப்பட்டை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 1985க்கு முந்தினதாம். மில்லிலீற்றர் இல்லாமல் குவாட் கணக்குப் போட்டிருந்தால் 1980க்கும் முந்தினது. அரை அவுன்ஸ், அதாவது 15 மில்லிலீற்றர் அளவும் வாங்கலாம். முழுப் போத்தல் வாங்க வழியில்லாத என்னைப் போல ஆளுக்கும் ஒரு வாய் கிடைச்சுது.

"திறந்தால் முடிஞ்சுபோமே, பிறகு ஆருக்கும் இல்லையே" எண்டு சிலர் கேப்பினம். உண்மைதான், திரும்ப வராது. ஆனால் ஒரு பையோடை ஊரைவிட்டு வெளிக்கிட்ட எங்களுக்குத் தெரியும், பூட்டி வைச்சதெல்லாம் மிஞ்சிறதில்லை. நாலு பேர் ருசிச்சு, அதைப்பற்றிக் கதைச்சு முடிக்கிறது எவ்வளவோ மேல்.

கொண்டாட்டத்திலை போத்தல் காலியாகுமட்டும் குடிக்கிற எங்கடை பழக்கத்துக்கும் இந்த 15 மில்லிலீற்றர் நல்ல பாடம். போறவை காரோட்ட வேறை ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.