காருக்கு மெருகேற்ற எந்த மெஷின்?

"வீட்டிலேயே காருக்குப் பாலிஷ் போட மெஷின் வாங்கலாமா?" என்று சகோதரிகள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. தாராளமாக வாங்கலாம். ஆனால் எது என்று தெரிந்து வாங்குங்கள்.

பெயிண்டின் மேலே கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. 'கிளியர் கோட்' என்பார்கள். கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியை விட மெல்லிசு! கீறலைப் போக்குவது என்றால் இந்தப் படலத்தைத்தான் துளி தேய்த்து எடுக்கிறோம். எடுத்தது திரும்பி வராது.

மெஷினில் முக்கியமாக இரண்டு வகை. 'ரோட்டரி' மின்விசிறி மாதிரி ஒரே அச்சில் சுற்றும். வேலை சீக்கிரம் முடியும். சூடும் சீக்கிரம் ஏறும். எங்கள் தெருவில் ஒரு வீட்டு வண்டியை ஷெட்டில் இதை வைத்து அழுத்தித் தேய்த்ததில், பானெட் ஓரத்தில் பிரைமரே தெரிந்துவிட்டது. அப்புறம் பானெட் முழுக்கப் பெயிண்ட் செலவு! 'டூயல் ஆக்ஷன்' சுற்றிக்கொண்டே ஆடும். சாதாரண ரகத்தில், ரொம்ப அழுத்தினால் சுற்றுவது நின்றுபோகும். அதனால் பெயிண்ட் பிழைக்கும். வீட்டுக்கு இதுவே போதும் என்பேன்.

5 அங்குலப் பேட், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இரண்டும் இருக்கட்டும். வளைவு அதிகமுள்ள வண்டிக்கு 8 மில்லிமீட்டர் ஆட்டம் சௌகரியம். அகன்ற பரப்புக்கு 15. இரும்பு அறுக்கும் கிரைண்டரில் பேட் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். அதன் வேகம் நிமிஷத்துக்கு 10,000 சுற்றையும் தாண்டும்.

வண்டியைக் கழுவி, நிழலில் நிறுத்தி, ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். முதலில் ஓரடிச் சதுரத்தில் மென்மையான பேடும் பசையும் வைத்துப் பாருங்கள். நகம் மாட்டுகிற ஆழக் கீறலை அப்படியே விட்டுவிடுங்கள். படலம் மிஞ்சினால்தானே பளபளப்பு!