நவம்பர் 1: ஒரே வெள்ளிக்கிழமை, மூன்று ஊர்

2024-இல் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. மறுநாள் நவம்பர் 1. நியூயார்க் நகர அரசுப் பள்ளிகள் தீபாவளிக்காக முதன்முதலில் விடுமுறை விட்டது அந்த வெள்ளிக்கிழமைதான். அதற்கான சட்டத்தில் ஆளுநர் கேத்தி ஹோக்குல் கையெழுத்திட்டது 2023 நவம்பரில். பெற்றோர்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு அவகாசம் இருந்தது. கர்நாடகத்தில் நவம்பர் 1 ராஜ்யோத்சவ நாள். எந்த ஆண்டும் மாறாத விடுமுறை. தமிழ்நாட்டில் அந்த வெள்ளிக்கிழமை விடுமுறை என்ற அறிவிப்பு அக்டோபரில்தான் வந்தது. ஈடாக நவம்பர் 9, இரண்டாவது சனிக்கிழமை, வேலை நாளானது.

லீவு கிடைத்ததே, அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். குறை எங்கே என்பது குருபரப்பள்ளி கூட்டு ரோட்டில் விடியற்காலையில் நின்றால் தெரியும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் இது. பக்கத்திலேயே சிப்காட். இருட்டு பிரியும் முன்பே கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பாக்ஸ், காதில் போன். பஸ் ஏறும் பெண்களில் பலர் வீட்டுக்குத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்: பிள்ளை எழுந்துவிட்டதா, சீருடை காய்ந்துவிட்டதா, பாட்டி பள்ளியில் விட்டுவிடுவாரா. பள்ளி இருக்கும் நாளில் அதோடு கவலை தீர்ந்தது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. மதியம் சத்துணவு. மாலை வரை பிள்ளை பத்திரம். பள்ளி இல்லை என்று திடீரென்று அறிவித்தால் இந்த ஏற்பாடு மொத்தமும் அந்தத் தாயின் தலையில் விழுகிறது.

அவர் லீவு போட முடியாதா? அரசு அறிவிக்கும் கூடுதல் விடுமுறை தனியார் தொழிற்சாலையைக் கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சாலை கட்டாயம் தரவேண்டிய தேசிய, பண்டிகை விடுமுறைகள் ஆண்டுக்கு 9 நாள்: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அவற்றோடு 5 பண்டிகை நாள். தீபாவளிக்கு மறுநாள் அதில் தானாகச் சேராது. கான்ட்ராக்டில் இருப்பவர் ஒரு நாள் வராவிட்டால் அன்றைய சம்பளம் போகும். அட்டெண்டன்ஸ் போனஸ் இருக்கும் இடத்தில் அதுவும் சேர்ந்து போகும். ஈடுகட்டும் சனிக்கிழமை வேறு பின்னாலேயே வருகிறது. உறவினர் வீட்டு விசேஷத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இரண்டாவது சனி, பள்ளி நாளாகிவிடுகிறது.

இது ஓராண்டு மட்டும் நடந்ததும் அல்ல. 2022-இல் தீபாவளி திங்கள்கிழமை. செவ்வாயும் விடுமுறை என்றார்கள், நவம்பர் 19 சனிக்கிழமை ஈடு. 2023-இல் ஞாயிறு, திங்கள் விடுமுறை, நவம்பர் 18 ஈடு. 2025 பொங்கலுக்கு ஜனவரி 17 வெள்ளி சேர்க்கப்பட்டது, ஜனவரி 25 ஈடு. வெளியூரில் வேலை செய்பவர்கள் சொந்த ஊர் போய்த் திரும்ப ஒரு நாள் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதை ஏற்ற அரசின் முடிவும் நல்ல முடிவு. ஆனால் தீபாவளி என்ன கிழமை என்பது ஓராண்டுக்கு முன்பே பஞ்சாங்கத்தில் அச்சாகிவிடுகிறது. அரசின் பொது விடுமுறைப் பட்டியலும் முந்தைய ஆண்டே வெளியாகிறது. வருடா வருடம் சேர்க்கப்படும் அந்த ஒரு நாளை அந்தப் பட்டியலிலேயே சேர்ப்பதில் என்ன தடை? ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. அதற்குப் பிறகு வரும் அறிவிப்பால் யாருக்கு டிக்கெட் கிடைக்கும்?

புயல் மழைக்கு விடும் லீவு வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அதை யாரும் முன்கூட்டிக் குறித்துவைக்க முடியாது. ரம்ஜானுக்குக்கூடப் பிறை பார்க்க வேண்டும். பெருநாள் ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்று தெரிந்திருந்தும் 2024-இல் 4 முதல் 9-ஆம் வகுப்பு வரை ஏப்ரல் 10, 12 தேதிகளில் ஆண்டுத் தேர்வு வைத்தார்கள். பெருநாள் 11-ஆம் தேதி. முந்தைய நாளும் மறுநாளும் தேர்வு. கோரிக்கை எழுந்த பிறகு அந்தத் தேர்வுகள் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்குப் பின்னால் தள்ளப்பட்டன. அட்டவணை போட்ட மேசையிலேயே ஒருவர் காலண்டரைப் புரட்டியிருந்தால் இந்த அலைச்சல் வந்திருக்காது.

கர்நாடக எல்லை ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்கும் மாவட்டம் இது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கு அப்பால் மாலூர், ஆனேக்கல் வரை நீள்கிறது. யுகாதிக்குத் தமிழ்நாட்டிலும் விடுமுறை உண்டு, அது நல்ல ஏற்பாடு. தசராவில்தான் கணக்கு உதைக்கிறது. கர்நாடகம் நவராத்திரியைப் பார்த்து விடுமுறை விடுகிறது. தமிழ்நாடு காலாண்டுத் தேர்வு முடிவதைப் பார்த்து விடுகிறது. 2024-இல் அங்கே அக்டோபர் 3 முதல் 20 வரை. இங்கே செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 2 வரை என்று அறிவித்து, பிறகு 6 வரை நீட்டினார்கள். இந்த இரண்டு விடுமுறையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது நான்கே நாள். இங்கே ஆயுத பூஜை வந்தபோது பள்ளி திறந்து நான்கு நாள் ஓடிவிட்டது. அடுத்த ஆண்டு விஜயதசமி அக்டோபர் 2-இலேயே வந்ததால் இரண்டு விடுமுறையும் தானாகப் பொருந்தின. அப்படிப் பொருந்தியதற்குக் காரணம் திதிதான். எந்தத் திட்டமும் அல்ல.

திட்டமிட முடியும் என்பதற்கு இலங்கை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கல்வி அமைச்சு சிங்கள, தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு தவணை அட்டவணையும், ரமலான் நோன்பைக் கருதி முஸ்லிம் பள்ளிகளுக்குத் தனி அட்டவணையும் வெளியிடுகிறது. ஒரே நாட்டில் இரண்டு நாட்காட்டி ஓடும்போது, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் காலாண்டு விடுமுறையை ஒரு வாரம் முன்னே பின்னே நகர்த்தும் உரிமை தருவது பெரிய காரியமில்லை. தேர்த்திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டு, ஒரு சனிக்கிழமையை ஈடாக வைக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும்.

வேலை நாட்கள் குறையும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200 நாளும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் கேட்கிறது. நாளைக் கூட்டவோ குறைக்கவோ யாரும் இங்கே கேட்கவில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது பெற்றோர் கைக்கு வரும் நாட்காட்டியில் தீபாவளிக்கு மறுநாளும், அதற்கு ஈடான சனிக்கிழமையும் அச்சாகியிருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதைச் சுவரில் மாட்டிவிட்டு, எந்த வாரம் எந்த ஷிப்டு கேட்பது, பாட்டியை எப்போது வரவழைப்பது என்று அந்தத் தாய் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வார்.