யார் தோலில் சோதித்த மருந்து?

ரெட்டினால் வாங்கிப் பூசலாமா என்று கேட்கும் தோழிகளிடம் பூசலாம் என்றுதான் சொல்கிறேன். வயதைக் குறைப்பதாக விற்கும் பூச்சுகளில், பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியவை மிகக் குறைவு. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த இது அவற்றில் ஒன்று. தொங்கும் தாடையை இது தூக்கி நிறுத்தாது. மெல்லிய சுருக்கங்களும் வெயில் தந்த கரும்புள்ளிகளும் மங்கும், அதுவும் மாதக்கணக்கில் விடாமல் பூசினால். இரவில் பட்டாணி அளவு போதும். தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாள். முகம் சிவந்து உரிந்தால் இடைவெளி விடுங்கள். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கருவுற்றவர்களும் கருத்தரிக்க நினைப்பவர்களும் தொடவே கூடாது.

தோலுக்குள் போன ரெட்டினால் படிப்படியாக ரெட்டினோயிக் அமிலமாக மாறுகிறது. தோல் மருத்துவர் எழுதித் தரும் டிரெட்டினாயின் அந்த அமிலமேதான். ஆகவே அதில் வேகமும் எரிச்சலும் கூடுதல். இந்த அமிலம் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுகிறது. வெயில் பட்டால் கொலாஜனை அரிக்கும் நொதிகளை அடக்குகிறது.

2007-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 36 பேர் அதற்குச் சம்மதித்தார்கள். சராசரி வயது 87. ஒரு கையின் உட்புறம் 0.4 விழுக்காடு ரெட்டினால், மறுகையில் மருந்தில்லாத வெறும் பூச்சு. 24 வாரங்களில் ரெட்டினால் பூசிய கையில் சுருக்கம் குறைந்தது, கொலாஜன் உற்பத்தி கூடியது. எண்பத்தேழு வயதுத் தோலும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதை அந்தப் பெரியவர்கள் நமக்குக் காட்டினார்கள்.

ஆனால் இந்த மருந்துக் குடும்பத்தின் கதை அவர்களிடம் தொடங்கவில்லை. டிரெட்டினாயினைப் பருக்களுக்கான மருந்தாக்கியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன். 1969-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பருவுக்குப் பூசிய நடுவயதுப் பெண்கள் சுருக்கமும் குறைகிறதென்று சொல்ல, 1986-இல் அதையும் ஆய்வாக எழுதினார். அவருடைய பரிசோதனைக்கூடமாக இருந்தது ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறை. 1951 முதல் 1974 வரை அங்கே கைதிகளின் முதுகிலும் கைகளிலும் டிரெட்டினாயின் உட்படப் பூச்சுகளும் ரசாயனங்களும் சோதிக்கப்பட்டன. டையாக்சின் என்னும் நஞ்சுகூட. பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தீர்ப்பே வராமல், ஜாமீனுக்குப் பணமின்றி அடைபட்டிருந்தவர்களும் நிறைய. சில டாலர் கூலிக்காக முதுகைக் காட்டினார்கள். எதைப் பூசுகிறார்கள் என்று பலருக்குச் சொல்லப்படவே இல்லை. இதைச் சம்மதம் என்று சொல்ல என்னால் முடியாது.

விடுதலையான பின் தழும்போடு வாழ்ந்த ஏறத்தாழ 300 பேர் 2000-இல் வழக்குப் போட்டார்கள். காலம் கடந்துவிட்டதென்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பல்கலைக்கழகம் 2021-இலும் நகர நிர்வாகம் 2022-இலும் மன்னிப்புக் கேட்டன. டிரெட்டினாயின் பூச்சால் கிளிக்மனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்த வருமானத்தில் ஒரு பங்கு, அந்தக் கைதிகளில் உயிரோடிருப்பவர்களுக்கும் மறைந்தவர்களின் பிள்ளைகளுக்கும் போயாக வேண்டும். அவர்கள் கேட்பதும் இழப்பீட்டைத்தான்.