ஜெபவீட்டுக் கேற்றுக்குள் யார் பொறுப்பு?

மாண்புமிகு மகளிர் மற்றும் சிறுவர் விவகார அமைச்சர் சரோஜா சாவித்திரி போல்ராஜ் அவர்களுக்கு,



தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் ஆண்பிள்ளை ஐஸுக்கோ குடுவுக்கோ அடிமையானால் ஊருக்கே தெரியும். பெண்பிள்ளை என்றால் 'லண்டனில் மாமி வீட்டுக்குப் போய்விட்டாள்' என்பார்கள். உண்மையில் விடியமுன் வானில் ஏற்றி, எங்கோ கிராமத்துத் தோட்டத்துக்குள் இருக்கும் ஜெபவீட்டில் விட்டிருப்பார்கள். என் அயலில் ஒரு தாய் அப்படித்தான் செய்தார். "அரசாங்க இடம் என்றால் கந்தக்காடு மாதிரித்தானே?" என்றார். 2022 ஜூனில் அந்தப் புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை அவர் மறக்கவில்லை.

ஜெபவீடுகளை மூடச் சொல்லி எழுதவில்லை. விடிய எழும்பி ஜெபம், கோழிக்குத் தீன், கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு. பழைய கூட்டாளிகளின் கோல் கிடையாது. குலைந்துபோன உடம்பு இதில் ஓர் ஒழுங்குக்கு வருகிறது. காசில்லாதவளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். (அந்தத் தாயின் பிள்ளை சைவம். ஜெபத்துக்கு வராவிட்டால் வீட்டுக்குப் பேச விடமாட்டார்களாம். தாய் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, நான் எடுக்கிறேன்.)

எனக்குப் பயம் மருத்துவம் பற்றியது. நெடுநாள் குடித்தவள் சாராயத்தைத் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம். டயசிபாமும் தயமினும் நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். அந்த நேரம் 'பிசாசு போகுது' என்று தலையில் கைவைத்துக் கொண்டிருந்தால்? ஹெரோயினில் ஆபத்து பிறகு வரும். மாதக்கணக்கில் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. வீடு திரும்பி ஒருமுறை சறுக்கினாலே சாவு வரலாம்.

தமிழ்நாட்டின் ஏர்வாடியில் தர்காவை நம்பிக் கொண்டுவரப்பட்ட மனநோயாளரின் தனியார் காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று எரிந்தது. சங்கிலியில் கட்டுண்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அங்குள்ள அரசு அவ்வாறான காப்பகங்களை மூடியது. நாமும் அப்படியொரு சாவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

போதைச் சிகிச்சை நிலையங்களை ஒழுங்குபடுத்த நம்மிடம் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 'நாங்கள் சிகிச்சை கொடுக்கவில்லை, ஜெபிக்கிறோம்' என்று ஒரு வீடு சொன்னால் யார் போய்ப் பார்ப்பது? பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் போகட்டும். ஒவ்வொரு பெண்ணையும் தனியே இருத்தி, விரும்பி வந்தாளா, போக நினைத்தால் விடுவார்களா என்று கேட்கட்டும். முதல் நாளிலேயே ஆதார வைத்தியசாலை வைத்தியர் பார்த்தாக வேண்டும். பெண்களுக்கான உதவி அழைப்பு 1938 இலக்கத்தைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் போனையும் வைக்கட்டும்.

பதிவுபெற்ற, பெண்களை எடுக்கும், தமிழில் பேசக்கூடிய இடங்களின் பட்டியலை உங்கள் அமைச்சு தமிழில் வெளியிட வேண்டும். மற்றவை மெல்ல வரட்டும். அந்தப் பட்டியல் இந்த மாதமே வேண்டும்.

இப்படிக்கு,
தெஹிவளை வாசி ஒருத்தி