நமது பலமா? ஆண்டவரின் அருளா?



சில வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, புனித அந்தோனியார் நவநாள் வழிபாடு முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், ஒரு தாய் ஆலய முற்றத்தில் எனக்காகக் காத்து நின்றார். அவருடைய மகன் இரண்டாவது முறையும் உயர்தரப் பரீட்சையில் எதிர்பார்த்த பெறுபேற்றைப் பெறவில்லை. "சுவாமி, நான் ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறவிடவில்லை. உபவாசம் இருந்தேன். எந்த இடத்தில் குறை விட்டேன் என்று சொல்லுங்கோ" என்று கேட்டார். வேறொரு கூட்டத்திற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நான், "இன்னும் உருக்கமாகச் செபியுங்கள் அம்மா, மகனையும் இன்னும் கவனமாகப் படிக்கச் சொல்லுங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு செபிக்க அமர்ந்தபோது எனது பதிலே என் உள்ளத்தை உறுத்தியது. ஏற்கெனவே களைத்துப்போயிருந்த ஒரு தாயின் தோளில் மேலும் ஒரு சுமையை ஏற்றி அனுப்பியிருந்தேன். கூலி கிடைக்காத வேலையாள் கணக்குக் கேட்பது போல அவர் கேட்டார். நானோ, "இன்னும் கொஞ்சம் வேலை செய், கூலி கிடைக்கும்" என்று சொல்லியிருந்தேன். அதில் நற்செய்தி எங்கே இருந்தது?

சுயபலத்தை நம்புவது என்றவுடன், பணத்தையும் பதவியையும் கல்வியையும் நம்பி இறைவனை மறந்தவர்களையே நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் சுயபலம் பக்தியின் ஆடையை அணிந்துகொண்டும் வரும். எத்தனை நவநாள், எத்தனை செபமாலை, எத்தனை திருயாத்திரை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையின் மேல் நம்பிக்கை வைக்கும்போது, நாம் சாய்ந்திருப்பது இறைவன் மேல் அல்ல, நமது முயற்சியின் மேல்தான்.

திருத்தூதர் பேதுருவைப் பாருங்கள். சிறைக்கும் சாவுக்கும் தாம் ஆயத்தம் என்று இறுதி இராவுணவு வேளையில் அவர் உறுதி கூறினார். அது பொய்யல்ல. அவர் உண்மையாகவே ஆண்டவரை நேசித்தார். ஆயினும் விடியுமுன் ஒரு பணிப்பெண்ணின் சொல்லுக்கு அஞ்சி மூன்று முறை மறுதலித்தார். அவர் நம்பியிருந்தது தமது நேசத்தின் உறுதியை. ஆனால் அவரைத் தாங்கியதோ வேறொன்று. அவர் மறுதலிக்கும் முன்னரே, அவருடைய நம்பிக்கை தளராதிருக்கும்படி தாம் மன்றாடியதாக இயேசு அவரிடம் கூறியிருந்தார் (லூக் 22:31-34). பேதுரு விழுந்தும் எழுந்தது அந்த மன்றாட்டினாலேயே.

மனிதன் தன் மனவுறுதியாலேயே நன்மை செய்து மீட்படையலாம் என்ற எண்ணம் திருச்சபைக்குப் புதியதல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்பவரின் பெயரால் அது பரவியது. புனித அகுஸ்தினார் அதனை எதிர்த்து எழுதினார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், இறையருளின்றி நாம் கட்டளைகளை நிறைவேற்ற இயலாது என்று போதித்தனர். பதினாறு நூற்றாண்டுகள் கடந்து, 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனித வாழ்வு பற்றிய தமது திருத்தூது ஊக்கவுரையில், இதே தப்பறை இன்றும் விசுவாசிகளிடையே உலாவுகின்றது என்று எச்சரித்தார்.

நமது மண்ணின் அனுபவமும் இதையே கற்பிக்கின்றது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. மடிந்தவர்கள் செபிக்க வந்தவர்கள். அவர்களிற் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் எந்தச் செபத்தில் குறை விட்டார்கள்? அப்படிக் கேட்கவே நமது நா கூசும். அவ்வாறெனில், ஒரு பரீட்சைப் பெறுபேற்றுக்காக, ஒரு நோய்க்காக, நிராகரிக்கப்பட்ட ஒரு விசாவுக்காக அந்தக் கேள்வியை நமக்கே ஏன் கேட்டுக்கொள்கிறோம்? இறைவனை நம்புவது துன்பத்திலிருந்து தப்புவதற்கான உத்தரவாதமல்ல. துன்பத்தின் நடுவிலும் அவர் நம்மைக் கைவிடமாட்டார் என்று அவரைப் பற்றிக்கொள்வதே அது.

புனித யோசேவாஸ் அடிகளார் இதனை வாழ்ந்து காட்டினார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1687இல் அவர் பிச்சைக்காரர் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். பணமும் இல்லை, அரசின் துணையும் இல்லை. யாழ்ப்பாணத்திலே வந்த புதிதிலேயே கடும் நோயுற்று, எளியவர் தந்த உணவால் உயிர் பிழைத்தார். கழுத்தில் செபமாலையை அணிந்து வீடுவீடாகச் சென்று, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டே விசுவாசிகளை இனங்கண்டார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறையில் அடைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளருக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் கொண்டாடியது ஒரு பலசாலியின் சாதனையை அல்ல. பலவீனமான ஒரு மனிதரில் ஆண்டவர் செய்த செயலையே கொண்டாடினோம்.

"அப்படியானால் உழைக்க வேண்டாமா? படிக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். யோசேவாஸ் அடிகளார் கைகட்டி இருக்கவில்லை. தமிழையும் சிங்களத்தையும் கற்றார், கால்நடையாக நாடெங்கும் சென்றார். கெனசரேத்து ஏரியிலும் ஆண்டவர் மீன்களைப் படகினுள் கொட்டிவிடவில்லை. இரவு முழுவதும் வெறுமையாய் வந்த அதே வலையை, களைத்த அதே கைகளே மீண்டும் வீச வேண்டியிருந்தது (லூக் 5:1-11). கடற்றொழில் செய்யும் நம் சகோதரர் இதை நன்கறிவர். வலையைப் பொத்துவதும் வீசுவதும் அவர்களுடைய கடமை. ஆனால் கடல் அவர்களுடையதல்ல. சோம்பலுக்கு விசுவாசம் என்று பெயரிடுவதும் தவறு. உழைப்பையே தெய்வமாக்குவதும் தவறு.

எனவே, அன்பான பெற்றோரே, இன்று மாலை குடும்பச் செபத்தில் ஒரு சிறு மாற்றம் செய்து பாருங்கள். வேண்டுதல்களை அடுக்குவதற்கு முன், இன்று எங்களால் முடியாமற்போனது என்ன என்பதை ஒவ்வொருவரும் ஆண்டவரிடம் ஒரு வார்த்தையில் சொல்லுங்கள். தந்தையும் சொல்லட்டும். தம் தந்தைக்கும் இறைவன் தேவைப்படுகிறார் என்பதைப் பிள்ளைகள் கேட்கட்டும். பரீட்சை முடிவு வரும் நாளில், பெறுபேற்றைக் கேட்கும் முன்னரே பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள். நம் தகுதியைப் பார்த்து அன்புசெய்யாத தந்தை ஒருவர் நமக்கு இருக்கிறார் என்பதை அவர்கள் முதலில் கற்பது உங்கள் கரங்களிலேதான்.

அந்தத் தாயின் வீட்டிற்கு மறு வாரம் சென்றேன். "அன்று நான் சொன்னது பிழை அம்மா, நீங்கள் எந்தக் குறையும் விடவில்லை" என்றேன். அவர் நெடுநேரம் அழுதார். மகன் அறையிலிருந்து வந்து தாயின் அருகில் அமர்ந்தான். அன்று நாங்கள் எதையும் கேட்காமல் ஒரு செபமாலை சொன்னோம். அவனுடைய எதிர்காலம் பற்றி எந்த விடையும் அன்று கிடைக்கவில்லை. ஆனால் நான் விடைபெற்றபோது அந்தத் தாயின் முகத்தில் கணக்குக் கேட்கும் கலக்கம் இருக்கவில்லை.

கொடியில் இணைந்திராத கிளை தானாகக் கனி தர இயலாது என்பது ஆண்டவரின் போதனை (யோவா 15:4-5). அவரில் இணைந்திருப்போம். அவரது அருள் நமக்குப் போதும். இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக!