விழுவதற்கு ஓர் இடம்

ஆம்பூரில் நாம் பாடஞ்சொல்லும் பள்ளிக்கூடத்தில் சென்ற மாதம் விளையாட்டு விழா நடந்தது. உயரத் தாண்டுவதற்குக் கோல் இல்லை, கயிறு கட்டினோம். மெத்தை இல்லை, பாலாற்று மணல் கொட்டினோம். (அந்த மணலும் இப்போது கிடைத்தற்கரிய வஸ்துவாகிவிட்டது என்பது வேறு விஷயம்.) ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, துப்பட்டாவைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலுடன் ஓடிவந்து தாண்டினாள். மற்றச் சிறுமிகள் நின்றுவிட்ட பின்னும் மூன்று தடவை கயிற்றை உயர்த்தச் சொன்னாள். நாலாம் தடவை கயிறு காலில் சிக்கிற்று. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தவள் நம்மைப் பார்த்து, "பொண்ணுங்க இதுக்கு மேலே எவ்வளவு சார் தாண்டியிருக்காங்க?" என்று கேட்டாள்.

நமக்கு உடனே விடை தெரியவில்லை. சரித்திர ஆசிரியருக்கு இது அவமானந்தான். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்து, மறுநாள் அவளுக்குச் சொன்னதையே இங்கே வாசகர்களுக்கும் சொல்கிறோம்.

ஸ்ரீமதி பாபி அலோஷியஸ் 1974-ஆம் வருஷம் கேரளத்துக் கண்ணூரில் பிறந்தவர். 2000-ஆம் வருஷம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உயரத் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். 2002-இல் பூசான் நகரத்து ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளி. 2004 ஜூலையில், வேறெங்கோ அல்ல, நம் சென்னைப் பட்டணத்தில், 1.91 மீட்டர் தாண்டித் தேசிய சாதனையை ஏற்படுத்தினார். ஆறடி மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். நம் வகுப்பறைக் கதவின் நிலைக்கு ஏறக்குறைய ஒரு சாண் தாழ்வு. அதற்கு அடுத்த மாதமே ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் பாரதத்தின் சார்பில் களம் இறங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பது.

ஏதென்ஸில் தகுதிச் சுற்றைக் கடக்க அவரால் இயலவில்லை. தங்கம் பெற்ற ருஷ்யப் பெண்மணி எலேனா ஸ்லெசரெங்கோ தாண்டிய உயரம் 2.06 மீட்டர். சென்னையில் பாபி தாண்டிய உயரத்துக்கும் அதற்கும் இடையே பதினைந்து சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை.

"பதக்கம் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. அவர்கள் இந்த விளையாட்டின் விசித்திரத்தை அறியாதவர்கள். ஓட்டத்தில் ஜயித்தவன் கோட்டைத் தொட்டதும் காரியம் முடிந்தது. உயரத் தாண்டுவதில் அப்படியில்லை. தொடர்ந்து மூன்று முறை தவறும் வரையில் கோல் உயர்ந்துகொண்டே போகும். ஆகையால் தங்கம் பெற்றவள்கூடப் பெரும்பாலும் கோலைத் தட்டிவிட்டுத்தான் களத்தை விட்டு வெளியே வருகிறாள். பாபியின் சாதனையை 2012 ஜூனில் ஹைதராபாதில் கர்நாடகத்துச் சஹானா குமாரி முறியடித்து, அவ்வருஷம் லண்டன் ஒலிம்பிக்ஸுக்கும் சென்றார். அவர் தாண்டியது 1.92 மீட்டர். எட்டு வருஷத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர்! அந்த விரற்கடைக்கும் குறைந்த உயரத்துக்காக எத்தனை விடியற்காலைகள் செலவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் பதக்கத்தைப் பற்றிக் கேட்க நா எழாது.

நம் மாணவி தாண்டியது கத்தரிக்கோல் பாணி. ஒரு காலை முன்னே வீசி, மற்றதைப் பின்னே இழுத்துக் கொள்வது. இந்தப் பாணியில் உடம்பு ஏறக்குறைய நிமிர்ந்தபடியே போவதால், முழு உடம்பையும் கோலுக்கு மேலே வெகுதூரம் தூக்கியாக வேண்டும். 1968-இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸில் டிக் பாஸ்பரி என்ற அமெரிக்க வாலிபர், வளைந்து ஓடிவந்து, முதுகைக் கோலுக்குக் காட்டித் தலை முந்தித் தாண்டித் தங்கம் கொண்டு போனார். உடம்பு வில்லாக வளைவதால் அதன் எடையின் மையம் கோலுக்குக் கீழேயே கடந்துவிடலாம். இன்று உலகம் முழுவதும் இந்தப் பாணிதான். 2024-இல் பாரிஸில் உக்ரெய்ன் நாட்டு யாரோஸ்லாவா மஹூச்சிக் 2.10 மீட்டர் தாண்டி உலக சாதனை செய்ததும் இப்படியே. ஆனால் தாண்டுகிறவள் முதுகும் தோளும் பட விழுகிறாள். கனத்த மெத்தை இருந்தால் இது வித்தை. மணலாக இருந்தால் கழுத்து முறியும். ஆகவே மெத்தையில்லாத பள்ளியில் எவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணும் கத்தரிக்கோலோடு நின்றுவிட வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் எல்லோரும் மணலில்தான் விழுந்தார்கள். அந்த மட்டில் சமத்துவம் இருந்தது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து ஆலிஸ் கோச்மன் என்ற நீக்ரோப் பெண்ணுக்கு அந்த மணல்கூட மறுக்கப்பட்டது. நிறத்தின் காரணமாகப் பொது மைதானத்தில் இடமில்லை. மண் சாலையில் வெறுங்காலோடு ஓடினாள்; கயிற்றையும் குச்சியையும் கட்டித் தாண்டினாள். 1940, 1944 ஒலிம்பிக்ஸ்களை யுத்தம் விழுங்கிற்று. 1948 ஆகஸ்டில் லண்டனில் 1.68 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றாள். ஒலிம்பிக்ஸில் தங்கம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவளே. நம் ஹாக்கி வீரர்கள் பிரிட்டனை வென்று சுதந்திர பாரதத்தின் முதல் தங்கத்தைக் கொணர்ந்ததும் அதே லண்டனில், அதே மாதத்தில். பதக்கத்தை ஆறாம் ஜார்ஜ் மன்னரே அளித்தார். ஊருக்குத் திரும்பியபோது, பாராட்டுக் கூட்டத்துக்கு வந்த வெள்ளைக்கார மேயர் அவள் கையைக் குலுக்கவில்லை.

இவ்வளவையும் கேட்டபின் நம் மாணவி கேட்டது ஒன்றுதான்: "மெத்தை எவ்வளவு சார் ஆகும்?"

உலகத்துக் கால்களுக்கெல்லாம் ஜோடு தைத்தனுப்பும் ஊர் நம்முடையது. அவள் தாயார் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டியில் ஏறி, மாலை இருட்டும் நேரத்தில் திரும்புகிறவள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகளும் அதே வண்டியில் ஏறுவாள் என்பது வீட்டார் எண்ணம். அந்த வேலையைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பல நூறு வீடுகளில் அடுப்பெரிவது அதனால்தான். ஆனால் பாபி ஏதென்ஸுக்குப் போனது முப்பது வயதில். பதினைந்து வயதில் நிறுத்திவிட்டால் எந்த உயரமும் வராது.

ஹரியானாவில் கொத்தனாரின் மகளான பூஜா, மூங்கிலைக் கோலாக நட்டு, வைக்கோல் அடைத்த சாக்குகளின்மேல் விழுந்து பழகினாள். 2025-இல் கொரியாவில் கூமி நகரத்து ஆசியத் தடகளப் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றபோது அவளுக்கு வயது பதினெட்டு. அப்போட்டியில் உயரத் தாண்டிப் பாபிக்குப் பிறகு தங்கம் கண்ட பாரதப் பெண் அவள்தான்.

நம் பக்கத்தில் வைக்கோல் குறைவு; ஆனால் ஜோட்டுக்கு வெட்டியது போக மிஞ்சும் ஸ்பாஞ்சுத் துண்டுகளுக்குக் குறைவில்லை. தேகப் பயிற்சி ஆசிரியரும் நாமும் சில கம்பெனி வாசல்களில் நின்று கேட்டோம். இரண்டு இடத்தில் காவற்காரரோடு சரி. ஓரிடத்தில் ஏழு சாக்குக் கொடுத்தார்கள். சாக்குகள் விலகாதபடி வலை போட்டு இறுக்கிக் கட்டி, இரண்டு அடுக்காவது போட்டாலொழிய முதுகால் விழ விடமாட்டேன் என்கிறார் அவர்; அதற்கு இருபது வேண்டுமாம். அந்தப் பெண் தினமும் முதல் மணி அடிக்குமுன் வந்து சாக்குகளை எண்ணிவிட்டு வகுப்புக்குப் போகிறாள். நேற்று மாலை எட்டாவது வந்தது.