கட்டுப் பிரித்த கைக்குக் கால் லிட்டர் தண்ணீர்!

மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. 'எலும்பு நன்றாகக் கூடிவிட்டது' என்று எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டரும் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. வேண்டிக்கொண்டபடி பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாயிற்று. சரி... அதற்கப்புறம்?

இந்த 'அதற்கப்புறம்' பற்றித்தான் நம் வீடுகளில் யாரும் பேசுவதே இல்லை.

பாத்ரூமில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டை உடைத்துக்கொள்வது ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் ரொம்ப சகஜம். இந்த வகை முறிவுக்கு 'காலிஸ்' என்று பெயர். ஆப்ரஹாம் காலிஸ் என்ற டப்ளின் நகரத்து சர்ஜன் 1814-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். (எக்ஸ்ரே வந்ததே 1895-ல்தான். வெறும் கையால் தடவிப் பார்த்தே சொல்லியிருக்கிறார் மனிதர்!)

ஐந்தாறு வாரம் கட்டுக்குள் கிடந்த கையைப் பார்த்திருக்கிறீர்களா? தோல் வறண்டு, முன்னங்கை சூம்பி, அது வேறு யாருடைய கையோ என்று தோன்றும். காபி டம்ளரைத் தூக்கினால் நடுங்கும். தயிர் ஜாடி மூடியைத் திறக்க முடியாது. அப்போது வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கும்.

முதலாவது, பாசம். 'நீ ஒண்ணும் செய்யாதேம்மா, ஒரு டம்ளரைக்கூடத் தூக்காதே, நாங்க பார்த்துக்கிறோம்' என்று பிள்ளைகள் கையைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். மாவுக்கட்டு போய் பாசக்கட்டு! ஆறு மாதம் கழித்தும் அந்தம்மாவால் புடவைக் கொசுவத்தை இறுக்கிச் செருக முடியாது.

இரண்டாவது, அவசரம். 'அதான் கட்டுப் பிரிச்சாச்சே' என்று மறுநாளே குக்கர், தோசைக்கல், நனைந்த பெட்ஷீட் எல்லாம் பழையபடி அதே கைக்கு வந்துவிடும். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கும். உடனே பயம். 'ஐயையோ, மறுபடி உடைஞ்சிருக்குமோ?' என்று பத்து நாள் முழு ஓய்வு. பதினோராம் நாள் வீட்டுக்கு விருந்தாளி, ஒரு குண்டான் சாம்பார். மறுபடி வீக்கம்!

ஆக, நமக்குத் தெரிந்ததெல்லாம் முழு ரெஸ்ட், இல்லாவிட்டால் முழு வேலை. இரண்டுக்கும் நடுவே ஒரு படிக்கட்டு இருக்கிறது என்பதே நினைவுக்கு வருவதில்லை. அந்தப் படிக்கட்டு மிகவும் மலிவானது. காலியான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் போதும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'எடை தூக்கலாம்' என்று உங்கள் எலும்பு டாக்டர் அனுமதித்த பிறகுதான் இதெல்லாம். கட்டுப் பிரித்த அன்றே எல்லோருக்கும் அந்த அனுமதி கிடைத்துவிடாது. பிளேட் வைத்தவர்களுக்குக் கணக்கு வேறு. ஆனால் கட்டு இருக்கும்போதே விரல்களை மடக்கி நீட்டுவதையும், முழங்கையையும் தோளையும் அசைப்பதையும் பெரும்பாலான டாக்டர்கள் செய்யச் சொல்வார்கள். நம்மவர்கள் கையைத் தூளியில் போட்டபடியே ஆறு வாரமும் இருந்துவிட்டு, உடைந்தது மணிக்கட்டு, பிடித்துக்கொண்டது தோள் என்று வந்து நிற்பார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு முதல் நாளிலிருந்தே செய்யுங்கள்.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். அதில் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். கால் கிலோ எடை. டைனிங் டேபிள் மேல் முன்னங்கையை வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். உள்ளங்கை தரையைப் பார்க்க, பாட்டிலைப் பிடித்து மெதுவாக மேலே, மெதுவாகக் கீழே. ஐந்து முறை. பிறகு உள்ளங்கையைத் திருப்பி, கூரையைப் பார்க்க வைத்து ஐந்து முறை. கடைசியாகக் கை குலுக்குவது போல் கட்டைவிரல் மேலே இருக்க ஐந்து முறை. அவ்வளவுதான், இரண்டு நிமிஷம்கூட ஆகாது. கால் லிட்டரே கனமாக இருந்தால் ஒரு வாரம் வெறும் பாட்டிலோடு செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

'இவ்வளவு சுலபமா இருந்தா பலம் எப்படி வரும்?' என்று கேட்பீர்கள். சூட்சுமம் இதைத் தினம் நாலைந்து தடவை செய்வதில் இருக்கிறது. காலை காபி குடித்ததும் ஒரு தடவை, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது ஒரு தடவை, பகல் தூக்கத்துக்கு முன்னால் ஒன்று, சீரியலில் விளம்பரம் வரும்போது ஒன்று. ஒவ்வொரு தடவையும் 'இன்னும் அஞ்சு செய்யலாம் போலிருக்கே' என்று தோன்றுகிற இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். கை சோர்ந்து நடுங்கும்வரை போகவே கூடாது.

ஏன் இப்படி? கட்டுக்குள் கிடந்த கையில் தசை மட்டும் இளைப்பதில்லை. மூளையிலிருந்து நரம்பு வழியாகத் தசைக்குப் போகும் உத்தரவும் மங்கிவிடுகிறது. அதனால்தான் சுற்றளவு குறைந்ததைவிட பலம் அதிகமாகக் குறைந்திருக்கும். முதல் சில வாரங்களில் திரும்பி வரும் பலத்தில் பெரும்பங்கு, இந்த உத்தரவு மறுபடி சரியாகப் போய்ச் சேருவதால் வருவதே. தசை பருப்பது அப்புறம்தான். அதாவது, கை மறந்துபோன பாடத்தை மறுபடி படிக்கிறது. வாரம் முழுக்கத் தம்புராவைத் தொடாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் தொண்டை கிழியப் பாடுகிறவருக்குப் பாட்டு வருமா? தினம் அரைமணி சாதகம் செய்கிறவருக்குத்தானே வரும்?

2022-ல் ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழகமும் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு குழு, கைத்தசைப் பயிற்சியை வாரத்தில் ஒரே நாளில் 30 தடவை செய்தது. இன்னொரு குழு தினம் 6 தடவையாக ஐந்து நாள் செய்தது. மொத்தம் இரண்டு பேருக்கும் 30-தான். நாலு வாரம் கழித்து அளந்தபோது, தினம் செய்தவர்களின் பலம் பத்து சதவிகிதத்துக்கு மேல் கூடியிருந்தது. ஒரே நாளில் செய்து முடித்தவர்களுக்குத் தசை கொஞ்சம் தடித்ததே தவிர பலம் கூடவில்லை! அவர்கள் ஆரோக்கியமானவர்கள், முழு பலத்தோடு செய்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கை உடைந்தவர்கள் அப்படி முழு பலத்தைக் காட்டக்கூடாது. நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்வது, ஒரே அளவு வேலையைப் பிரித்துப் பிரித்துச் செய்கிற யோசனையை மட்டும்தான்.

'வீட்டு வேலையே எக்ஸர்சைஸ்தானே, தனியா எதுக்கு?' இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. (பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யாதவர்தான் கேட்பார்!) இதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. வீட்டு வேலையில் எடையைத் தீர்மானிப்பது உங்கள் கை இல்லை. குக்கர் போன வாரம் இருந்த அதே கனம்தான் இந்த வாரமும். 'இன்னிக்குக் கை வீங்கியிருக்கு, நூறு கிராம் குறைச்சுக்கறேன்' என்று அது சொல்லாது. தோசைக்கல்லைக் கைப்பிடி நுனியில் பிடித்துத் தூக்கும்போது, அதன் எடை சின்னதாக இருந்தாலும் மணிக்கட்டில் விழுகிற பாரம் பெரிது. துணி பிழிவது அதைவிட மோசம். அழுத்திப் பிடிப்பதும் முறுக்குவதும் ஒரே நேரத்தில். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அடிபட்ட கைக்கு வேலையை அளந்து போடுவதே இல்லையே நாம்!

பாட்டிலில் அளக்கலாம். பழைய காலத்துக் கம்பவுண்டர் மிக்ஸ்சர் பாட்டிலில் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பாரே, அதேபோல் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வீக்கமில்லாமல் போனால் நூறு மில்லி கூட்டுங்கள். கடையில் டம்பெல்ஸ் வாங்கினால் ஒரு கிலோவுக்கு அடுத்தது பெரும்பாலும் இரண்டு கிலோ. ஒரே தாவலில் இரட்டிப்பு! ரிடையரான ஆண்கள்தான் இந்த டம்பெல்ஸ் வாங்குவதில் முன்னால் நிற்பார்கள். சார், உங்களுக்கும் அதே தண்ணீர் பாட்டில்தான். அது முடிந்த பிறகு ஸ்கூட்டர் பிரேக்கைப் பிடிக்கலாம்.

வலி? லேசான இழுப்பும் கூச்சமும் இருந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பயமில்லை. மறுநாள் காலை கை முந்தின நாளைவிட வீங்கியிருந்தால், போன வாரத்துக் கோட்டுக்குத் தண்ணீரை இறக்குங்கள். நிறுத்த வேண்டாம், இறக்கினால் போதும். ஆனால் எரிச்சலோடு வலி, கை பளபளவென்று வீங்குவது, தொட்டாலே தாங்காமல் போவது, விரல் மரத்துப்போவது, நிறம் மாறுவது... இதில் எது இருந்தாலும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். 'சரியாப் போயிடும்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

பிஸியோதெரபி சென்டருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெழுகு ஒத்தடமும் கரன்ட்டும் வைத்தால்தான் வைத்தியம், கையை ஆட்டச் சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. 'பத்து சிட்டிங்' முடிந்ததும் மெஷினும் நின்றுவிடும், கையும் நின்றுவிடும். முதல் நாளே 'வீட்டில் நான் என்ன செய்யணும், எத்தனை தடவை செய்யணும்?' என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கிற பணத்துக்கு அதுதான் உண்மையான மருந்துச் சீட்டு.

அதே சமயம், சுலபம் என்றால் ஆயுசுக்கும் கால் லிட்டர் என்று அர்த்தமில்லை. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலோர்ம், எடையைப் படிப்படியாக ஏற்றினால்தான் தசை பலம் திரும்பும் என்று 1945-ல் எழுதினார். இன்றைய பிஸியோதெரபிக்கு அது ஒரு அஸ்திவாரம். வயசைக் காட்டியும் தப்பிக்க முடியாது. பாஸ்டன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 90 இருந்த பெரியவர்களுக்குத் தக்க மேற்பார்வையில் எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்து 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியிருந்தது! அறுபதில் என்ன குறை?

எனவே பாட்டில் நிறைந்ததும், வீட்டுச் சாமான்களை எடை பார்த்து வரிசைப்படுத்துங்கள். ஒரு கிலோ பருப்புப் பாக்கெட், இரண்டு கிலோ கோதுமை மாவு, அரைபாதி நிரம்பிய குக்கர், ஐந்து கிலோ அரிசிப் பை. முதலில் இரண்டு கையாலும், பிறகு ஒரு கையால். ஒரு கிலோவைத் தாண்டியதும் தினம் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். இடையே எலும்பு அடர்த்தி டெஸ்ட்டைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தது என்றால், காரணம் வழுக்கின தரை மட்டுமாக இருக்காது.

இந்த வரிசையில் கடைசியில் நிற்பது தண்ணீர் கேன். 20 லிட்டர், அதாவது 20 கிலோ, அதைத் தூக்கிக் கவிழ்க்க மணிக்கட்டைத் திருப்ப வேறு வேண்டும். என்னைக் கேட்டால், அதுவரை போகவே வேண்டாம். கேன் போடுகிற தம்பியிடம், 'அப்படியே கவிழ்த்து வச்சுட்டுப் போப்பா' என்று சொல்லிவிடுங்கள்.